மெஷினில் இல்லாத பாட்டு

ஜூன் 3

சென்னை ஏஜென்சியில் மொழி சொல்லிக்கொடுத்த மேடம், தினமும் ஜப்பானிய மொழியில் டைரி எழுதுங்கள், மொழி தானாக வந்துவிடும் என்றார். இங்கே வந்து ஒன்றரை வருஷம் எழுதிப் பார்த்துவிட்டேன். இன்று வெயில். இன்று குளியல் வேலை. இன்றும் நன்றாக உழைத்தேன். எல்லா நாளும் இதே மூன்று வரிதான் வருகிறது. குனிவதில் மூன்று விதம் சொல்லித்தந்த மேடம், கோபப்படுவதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை. இனிமேல் தமிழில் எழுதப் போகிறேன். இங்கே இருக்கிறவர்கள் பேசுவதையும் என் ஊர்த் தமிழில்தான் எழுதுவேன். எனக்கு வந்தது அதுதான்.

காலையிலிருந்து குளியலறை. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டும் வேலை வெளிநாட்டுப் பெண்களுக்குத்தான் வரும். நானும் விஜிலா அக்காவும். அக்காவுக்கு மார்த்தாண்டம். எனக்குத் தூத்துக்குடி. சோப்புத் தண்ணீரில் என் விரல்கள் ஊறிச் சுருங்கிக் கிடக்கின்றன. அம்மாவுக்கு உப்பளத்தில் கால் வெடித்துக் கிடக்கிறது. நர்சிங் படித்து கடல் தாண்டி வந்து நான் மாற்றியது தண்ணீரைத்தான்.

புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பேர் மிசுகோஷி தெருவோ. எழுபத்தாறு வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. நுரையீரலும் சரியில்லை. சக்கர நாற்காலி. பெண்டாட்டி பிரிந்து போய்விட்டார், பிள்ளை இல்லை. அண்ணன் மகள் ஒருத்தி கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டுப் போனாள்.

பழைய பாப் பாடகராம். எழுபதுகளில் 'கமோமே த்ரீ' என்று மூன்று பேர் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். அதில் ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவர் குஜோ ரெய்ஜி. இன்றைக்கும் டிவியில் வருகிறாரே, வெள்ளைக் கோட்டு, கறுப்புச் சாயம் போட்ட தலை, அவர்தான். மூன்றாவது ஆள் இவர். 'துறைமுகத்தின் கடைசி பஸ்' என்ற பாட்டை இங்கே நாற்பது வயது தாண்டிய எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இவரைத் தள்ளிக்கொண்டு போனபோது வரவேற்பு என்று அதைப் போட்டார்கள். அவர் நல்ல கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். இன்னொரு காதைப் பொத்தக் கை இல்லை.

ஜூன் 10

கரோக்கே நாள். கரோக்கே மெஷினில் பாட்டின் பேரை அடித்தால் இசை வரும், திரையில் வரி ஓடும், மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியதுதான். லீடர் ஒகாதா மைக்கை மிசுகோஷியின் மடியில் வைத்து, "உங்க பஸ் பாட்டு!" என்றார்.

"அந்த பஸ் போய் ஐம்பது வருஷம் ஆச்சு. என்னை இறக்கி விடுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என் பாட்டைப் போடுங்க. குழு உடைஞ்ச பிறகு நான் தனியா மூணு ரெக்கார்டு போட்டேன்."

ஒகாதா மெஷினில் அவர் பேரை அடித்தார். பொருந்தும் பாடல் இல்லை என்று வந்தது. குழுவின் பேரை அடித்தால் பக்கம் பக்கமாக வந்தது. ஒகாதா கடைசி பஸ்ஸை அழுத்திவிட்டார். மற்றவர்கள் பாடினார்கள். மிசுகோஷி மைக்கைத் தட்டில் இருந்த புட்டிங்கில் குத்தி நிறுத்தினார்.

பிறகு ஷிப்ட் மாறும்போது ஒகாதா எங்களிடம் சொன்னார்: "தனியாப் பாடினேன்னு சொல்றது அவரோட ஒரு நினைப்பு. மறுத்துப் பேசாதீங்க. ஆமாம்னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க." பயிற்சியிலும் இதையேதான் சொன்னார்கள். கிழவர்கள் சொல்வதை மறுக்கக் கூடாது, நம்பவும் வேண்டாம்.

சாயங்காலம் அவருக்குச் சாக்ஸ் மாட்டும்போது, "மெஷின்ல இல்லன்னா நான் இல்லையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கேள்வியை யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, முதல் முறையாக, சத்தம் போட்டுச் சிரித்தார். "இங்க உண்மை பேசுறது நீ ஒருத்திதான்."

ஜூன் 21

குளியலறையில் மிசுகோஷி பாடுகிறார். வெந்நீர் தொட்டியில் கழுத்துவரை இறக்கியதும் ஆரம்பிக்கிறார்.

"இங்க எக்கோ இலவசம். ஸ்டுடியோவுல இதுக்குத் தனியாக் காசு கேப்பான்."

குரல் உடைந்த குரல்தான். ஆனால் எங்கே உடையவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். பாட்டு அவசரமே இல்லாமல் போகிறது. பேர் 'அரிசி கழுவிய தண்ணீர்'. ஒருவன் மட்டும் இருக்கிற அறை. ஒருவனுக்கு மட்டும் அரிசி கழுவுகிறான். ஒருவனுக்குக் கழுவினாலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் போகிறது என்கிறான். முதல் சரணம் முடிந்தது. காதலி கிடையாது, துறைமுகம் கிடையாது. இதை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று நினைத்தேன்.

"எங்க ஊர்ல இதுக்குக் கழனித் தண்ணின்னு பேர்" என்றேன்.

"என்ன செய்வீங்க அதை?"

"பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊத்துவோம்."

"குடிக்குமா?"

"விரும்பிக் குடிக்கும்."

"அப்ப என் ரெக்கார்டைவிட அதுக்கு மரியாதை ஜாஸ்தி."

ஆளுக்குக் கால் மணி நேரம் என்பது இல்லத்தின் கணக்கு. வெளியே அடுத்த ஆள் துண்டு போர்த்திக் காத்திருந்தார். "நேரமாச்சு" என்று சொல்லி இவரைத் தூக்கினேன்.

ஜூலை 2

எப்சிபா போன் செய்தாள். தங்கச்சி. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறாள். நர்ஸ் என்று பேர், கூட்டவும் துடைக்கவும் வைக்கிறார்கள். இப்போது புதிதாக ஒரு டாக்டர், வார்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து தோளில் கை வைத்து நிற்கிறானாம்.

"யார்ட்டயாவது சொன்னியாட்டி?"

"சொன்னேன். அனுசரிச்சுப் போன்னு சொல்லுதாங்க."

எங்கள் இல்லம் இந்த வருஷக் கடைசிக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கிறது. மொழிப் பரீட்சை முடித்து அவள் பேரும் போயிருக்கிறது. எடுப்பதும் விடுவதும் எங்கள் இயக்குநர் ஹிரானோ அம்மாவின் கையில்.

"யக்கா, ஒரு வார்த்த சொல்லி வையி."

சொல்கிறேன் என்றேன். இங்கே யாரும் யாருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். அவர்களாகப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நான் இப்போது முன்னைவிட அதிகம் சிரிக்கிறேன்.

ஜூலை 19

இரண்டாவது சரணம் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள். ஆணா பெண்ணா தெரியாது. மூன்று நாளாக அடுப்புச் சத்தம் இல்லை. இவன் இன்னொரு பிடி அரிசி எடுக்கிறான். எடுத்த கை அப்படியே நிற்கிறது.

"போட்டானா?" என்றேன்.

"கடைசிச் சரணத்துல இருக்கு."

"நேரமாச்சு" என்றேன்.

"எல்லாரும் அங்கயேதான் நிறுத்துறீங்க" என்றார்.

உடம்பு துடைக்கும்போது சொன்னார். ரெக்கார்டிலும் கடைசிச் சரணம் இல்லையாம். பாப் பாட்டுகளில் பாதிக்கு மேல் முடிவதே இல்லை. பாடிக்கொண்டே இருப்பார்கள், கம்பெனிக்காரன் சத்தத்தை மெல்லக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவான். பாட்டு எங்கேயோ நடந்துகொண்டே இருப்பதுபோல் கேட்பவருக்குத் தோன்றும். இவர் பாட்டு நீளம், ரேடியோவில் போட மாட்டார்கள் என்று கடைசிச் சரணத்துக்கு முன்னாலேயே குறைத்துவிட்டான்.

"நான் ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கிட்டு பாடிக்கிட்டே இருக்கேன். அந்தப் பக்கம் ஒரு கை. அவ்வளவுதான். கோபம்கூட இல்ல அவனுக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரம்."

உண்மையில் அப்படி ஒரு ரெக்கார்டு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆமாம் ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 6

வெயில். ஒரு தாத்தா என்னைக் கிள்ளினார். ஒரு பாட்டி என்னைத் தன் மகள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். இரண்டுக்கும் ஒரே சிரிப்பு.

ஆகஸ்ட் 22

இல்லம் முழுக்கப் பரபரப்பு. செப்டம்பர் 15 முதியோர் தினத்துக்கு குஜோ ரெய்ஜி இங்கே வருகிறார். டிவியோடு. குழு தொடங்கி ஐம்பது வருஷமாம். பழைய நண்பனைப் பார்க்க வருகிறார், இரண்டு பேரும் சேர்ந்து கடைசி பஸ்ஸைப் பாடுவார்கள்.

இன்று குஜோவின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் டீ வைக்கப் போனேன். ஹிரானோ அம்மாவிடம் அவள் சொன்னாள்: "மிசுகோஷி அவர்களின் தனி ரெக்கார்டுகள் பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம். அவை விற்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் மனக்கசப்பு. பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்."

ஹிரானோ அம்மா ஒகாதாவைப் பார்த்தார். ஒகாதா டீயைப் பார்த்தார்.

ஆக, இருந்திருக்கிறது. மூன்று ரெக்கார்டும் இருந்திருக்கிறது. இரண்டரை மாதமாக ஒரு முழு மனுஷனை நாங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தடவிக் கொடுத்துப் பைத்தியமாக்கி வைத்திருந்தோம். எனக்கு அந்தக் கப்பைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. குனிந்து வணங்கிவிட்டு வந்தேன். இரண்டாவது விதம், முப்பது டிகிரி.

ஆகஸ்ட் 23

அவரிடம் சொன்னேன். "நீங்க பாடினது உண்மைதானாம்."

"அப்படியா? விசாரிச்சதுக்கு நன்றி" என்றார்.

செப்டம்பர் 10

மிசுகோஷி தயாராகிறார். குளியல் தொட்டியில் வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டு மூச்சுப் பழகுகிறார். மற்ற நேரம் பேசுவதில்லை, குரலைச் சேர்த்து வைக்கிறாராம். ஒகாதா தந்த மிட்டாயைக்கூட வேண்டாமென்று தலையாட்டினார்.

விழா அன்றைக்கு மெஷின் என் பொறுப்பு. கேமராவில் வெளிநாட்டுப் பெண் தெரிந்தால் நன்றாக இருக்குமாம். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்.

இன்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பஸ் பாட்டைப் பாடுறேன். அவங்க கேட்டபடி சிரிச்சுப் பாடுறேன். அது முடிஞ்சதும் மெஷின் சும்மா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். நான் கழனித் தண்ணியை முழுசாப் பாடிடுவேன்." கழனித் தண்ணி என்ற வார்த்தையைத் தமிழிலேயே சொன்னார். வாயில் வரவில்லை, ஆனாலும் சொன்னார்.

"கடைசிச் சரணத்துல என்ன இருக்கு? இப்பச் சொல்லுங்க."

"சொன்னா அது செய்தி. பாடினாத்தான் பாட்டு. நாப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தர்கிட்டயும் பாடல. ஒருதடவை, பத்துப் பேர் முன்னால, முடிவு வரைக்கும். அப்புறம் இந்த நுரையீரலை நாய்க்குப் போடுங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்தத் தடவை அது அந்த ஆமாம் இல்லை.

செப்டம்பர் 13

ஹிரானோ அம்மா அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முதல் தடவை உட்காருகிறேன் அந்த நாற்காலியில்.

"ஜெபக்கனி-சான், உங்க தங்கச்சி பேப்பர் பார்த்தேன். முகம் அப்படியே உங்களை மாதிரி. நல்ல குடும்பம்னு தெரியுது."

நன்றி என்றேன்.

"திங்கக்கிழமை நம்ம எல்லாருக்கும் முக்கியமான நாள். மிசுகோஷி-சானுக்குச் சில நேரம் மனசு வேற பக்கம் போயிடும். திட்டத்துல இல்லாதது எதுவும் நடக்க வேண்டாம். அப்படி ஏதாவது ஆனா நான் விரலால காட்டுவேன். நீங்க மறுபடி பஸ் பாட்டைப் போட்டுடுங்க. எல்லாரும் சேர்ந்து பாடட்டும். சந்தோஷமா முடியட்டும்."

அவர் மிரட்டவில்லை. தங்கச்சியைப் பற்றி அன்பாகத்தான் பேசினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

செப்டம்பர் 14

எப்சிபாவின் மிஸ்டுகால் நாலு. நான் எடுக்கவில்லை. பலூன் ஊதினோம்.

செப்டம்பர் 15

விழா நன்றாக நடந்தது. காலையிலேயே எல்லோருக்கும் நகம் வெட்டி, தலை சீவி, ஹாலில் உட்கார வைத்தோம். குஜோ ரெய்ஜி நேரில் பார்க்கக் குள்ளமாக இருக்கிறார். பூங்கொத்து கொடுத்தார், மிசுகோஷியைக் கட்டிப்பிடித்தார், கேமரா சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை கட்டிப்பிடித்தார். பாடினார்கள். கேக் வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். டிவிக்காரர்கள் நாற்காலியைக்கூட எடுத்து வைக்காமல் போய்விட்டார்கள். நாங்கள்தான் அடுக்கினோம். பலூனை உடைக்க ஒகாதா ஊசி கொடுத்தார். எல்லாவற்றையும் உடைத்தேன்.

களைப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 16

மிசுகோஷி குளிக்க வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

செப்டம்பர் 19

டிவியில் வந்தது. ஹாலில் எல்லோரும் பார்த்தோம். இரண்டு கிழவர்கள் ஒரே மைக்கில் பாடுகிறார்கள். குஜோ கண்ணைத் துடைக்கிறார். நீல நிற யூனிபார்மில் கறுப்பாக ஒருத்தி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பல் அத்தனையும் தெரிகிறது. "இந்தியாவிலிருந்து வந்த அன்பான கைகள்" என்று கீழே எழுத்து ஓடியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மிசுகோஷி சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 20

விஜிலா அக்கா ஐந்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று தன் ரூமில் மீன் வெட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மக்கா, நான் பின்னாலதான் நின்னேன். எல்லாம் கண்டேன், கேட்டியா."

"என்னத்தக் கண்டீங்க?"

"பஸ் பாட்டு தீந்ததும் அவரு மைக்க விடல. அந்த அரிசிப் பாட்ட எடுத்தாரு. ஒரு சத்தம் இல்ல ஹால்ல. அந்தக் குஜோவே தலையைக் குனிஞ்சுட்டாரு. அவருக்கு அந்தப் பாட்டு தெரியும் மக்கா, வாய் அசையுது. கேமராக்காரனும் நிறுத்தல. ரெண்டு சரணம் பாடி, மூணாவதுக்கு மூச்சு இழுத்தாரு. நீ அமுக்கின."

"அந்தம்மா விரலக் காட்டினாங்க."

"காட்டினா. நீ காணாத மாதிரி நின்னிருக்கலாம், இன்னும் ரெண்டு நிமிசம். அவளுக்க விரலு அங்கேயே கிடந்து ஆடட்டு."

"தங்கச்சி பேப்பரு அந்தம்மா மேசைல கிடக்கு."

அக்கா மீனைக் கழுவினார். பிறகு, "அது செரிதான்" என்றார். "அது செரிதான் மக்கா. நானும் அமுக்கியிருப்பேன். அதான் எனக்கு ஒன்னப் பாக்க முடியல."

அந்த ஹாலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தன் நண்பன் பாட்டு தெரிந்த குஜோ இருந்தார். டிவியின் பெரிய ஆள் இருந்தார். ஒரு ஆளாவது எழுந்து, அந்த மெஷினை நிறுத்து, அவர் பாடட்டும் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் பஸ் பாட்டுக்குக் கைதட்டினார்கள். காலம் முழுக்க ஒருவனை ஒரே பாட்டைப் பாட வைத்தார்கள், அவன் வேறு வாயைத் திறந்தால் பைத்தியம் என்றார்கள், கடைசியில் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒருத்தியை வரவழைத்து அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தார்கள். உப்பளத்துக்காரி மகள் கையில். அவளுக்கு எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியும். அமுக்கியது நான் என்றால், அமுக்க வைத்தது யார்? ஏன் என்னை மட்டும் பார்க்க முடியவில்லை என்கிறார் அக்கா?

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 24

எப்சிபாவை எடுத்துவிட்டார்கள். போனில் கத்தினாள். அம்மா பேசினாள், அழுகையில் ஒன்றும் புரியவில்லை. "கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு ஜெபா" என்றது மட்டும் புரிந்தது.

ஹிரானோ அம்மாவுக்கு நன்றி சொல்லிக் குனிந்தேன். மூன்றாவது விதம், நாற்பத்தைந்து டிகிரி.

செப்டம்பர் 27

மிசுகோஷி குளிக்க வந்தார். அவரைக் கடைசி ஆளாக வைத்துக்கொண்டேன். பின்னால் யாரும் இல்லை.

முதுகு தேய்த்தேன். தொட்டியில் இறக்கினேன். காத்திருந்தேன். தண்ணீர் சத்தம் மட்டும்.

"இன்னிக்கு அவசரமே இல்ல. எவ்வளவு நேரம் வேணுனாலும் இருக்கலாம்" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடுங்க. முழுசாப் பாடுங்க. நான் கேக்கேன்."

"நேரமாயிடுச்சுங்க, ஜெபக்கனி-சான்" என்றார்.

இத்தனை நாளும் என்னை நீ என்றுதான் சொல்வார். இன்று ஹிரானோ அம்மாவிடம் பேசுகிற மரியாதை மொழி. தப்பே இல்லாத, அழகான மொழி. ஏஜென்சி மேடம் கேட்டால் நூற்றுக்கு நூறு போடுவார்.

தூக்கித் துடைத்தேன். உடம்பு சுட்டது. வெந்நீரால்தான் இருக்கும்.

அக்டோபர் 12

மிசுகோஷிக்கு நிமோனியா. இரண்டாவது தடவை. ஆக்ஸிஜன் குழாய் போட்டிருக்கிறது. உணவு கூழாக. நான் ஊட்டினால் வாயைத் திறக்கிறார், விஜிலா அக்கா ஊட்டினாலும் திறக்கிறார். வித்தியாசம் காட்டவில்லை. காட்டினால் தேவலை.

அக்டோபர் 30

மத்தியானம் அவர் படுக்கைப் பக்கம் நின்று மெதுவாக முதல் சரணத்தைப் பாடினேன். என் ஜப்பானியம் தப்பும் தவறுமாக. இரண்டாவதும் பாடினேன். ஒரு பிடி அரிசி எடுத்த கை நிற்கிற இடம்வரை. நிறுத்தினேன். அவர் சொல்லுவார் என்று நினைத்தேன்.

உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

தண்ணீர் வேண்டும் என்றார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

நவம்பர் 8

மிசுகோஷி தெருவோ இன்று காலை இறந்துபோனார். நான் கடைசி ரூம் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கால் மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 10

இறுதிச் சடங்கு. ஆட்கள் குறைவு. குஜோ ரெய்ஜி பேர் எழுதிய மலர்வளையம் ஆள் உயரம் இருந்தது. ஆள் வரவில்லை.

அண்ணன் மகள் எங்களிடம் கேட்டாள்: "பெட்டியை எடுக்கும்போது சித்தப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடணும். எது?"

"துறைமுகத்தின் கடைசி பஸ்" என்றார் ஒகாதா, அவள் கேட்டு முடிப்பதற்குள்.

"இல்ல" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அவர் தனியாப் பாடின பாட்டு ஒண்ணு இருக்கு. அரிசி கழுவிய தண்ணீர்."

ஒகாதா தரையைப் பார்த்தார். அவள் என் பக்கத்தில் வந்தாள். நல்ல பெண்தான். "எங்க கிடைக்கும்? உடனே போடலாம்."

எங்கும் இல்லை என்றேன்.

"உங்களுக்குப் பாடத் தெரியுமா?"

"முழுசாத் தெரியாது."

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஒகாதாவிடம் போனாள். கடைசி பஸ்ஸோடுதான் அவர் போனார். என்னை இறக்கி விடுங்கப்பா என்று கேட்டவர்.

டிசம்பர் 4

பனி. சைக்கிள் ஓட்ட முடியவில்லை. இல்லம்வரை நடந்து போனேன். கரோக்கே நாள். எல்லோரும் போன பிறகு மெஷினில் அவர் பேரை அடித்துப் பார்த்தேன். பொருந்தும் பாடல் இல்லை.

டிசம்பர் 17

எப்சிபா வந்துவிட்டாள். நரிட்டா ஏர்போர்ட்டிலிருந்து ரயில், அப்புறம் பஸ். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அம்மாவின் சால்வை. பனியைக் கையில் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, உப்பு மாரிக் குமிச்சு வச்சிருக்காங்க" என்றாள். பேக்கிலிருந்து கருவாடும் மக்ரூனும் எடுத்து வைத்தாள். ராத்திரி டூட்டி டாக்டரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பத்து மணி நேரம் தூங்கினாள். பயமில்லாமல் ஒருத்தி தூங்குவது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இவளுக்காக எதுவும் செய்யலாம். அதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 21

இன்று இரண்டு பேருக்கும் லீவு. போனில் சும்மா அந்தப் பாட்டின் பேரை அடித்தேன். பல தடவை அடித்ததுதான். இன்று ஒன்று வந்தது. அவர் இறந்த செய்தி பார்த்துவிட்டு யாரோ ஒருவர் தன்னிடம் கிடந்த ரெக்கார்டை ஏற்றியிருக்கிறார். நாற்பத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள். அட்டைப்படத்தில் தலை நிறைய முடியோடு மிசுகோஷி, கையில் அலுமினியக் கிண்ணம், யாரையும் பார்க்காத பார்வை.

காதில் ஹெட்போன் மாட்டினேன். முப்பத்தொரு வயதுக் குரல். உடையாத குரல். முதல் சரணம். ஒருவனுக்குக் கழுவினாலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் போகிறது. இரண்டாவது சரணம். சுவர், இருமல், இன்னொரு பிடி அரிசி, நிற்கிற கை. அப்போது சத்தம் குறைய ஆரம்பித்தது. நான் கூட்டினேன். அது குறைந்தது, நான் கூட்டினேன். முழுக்கக் கூட்டியாகிவிட்டது. பியானோ போனது. கிதார் போனது. கடைசியில், தூரத்தில் எங்கேயோ, அவர் மூச்சு இழுக்கிற சத்தம். அதற்கு அப்புறம் ரெக்கார்டு கீறுகிற சத்தம் மட்டும்.

அந்த மூச்சை எனக்குத் தெரியும். ஹாலில் நான் நின்ற இடத்துக்கு அது நன்றாகக் கேட்டது. முழு மூச்சு. முடிவுவரை போதுமான மூச்சு.

மறுபடி போட்டேன். மறுபடி.

எப்சிபா சமையல் மேடையில் நின்று அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்டாள். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினேன். அவள் கையில் ஒரு பிடி அரிசி இருந்தது.

"எத்தன தடவ கேக்கேன். ஒனக்கும் சேத்துப் போடவா, வேண்டாமா?"

"கொஞ்சம் இருட்டி" என்றேன். "பாட்டு இன்னும் முடியல."